ஸ்காபரோவில் ஒரு குடிவரவுச் சட்ட அலுவலகம்: மூன்று கோப்புகளின் அனுபவம்

கீழே பலசரக்குக் கடையும் இடியப்பம் அவிக்கும் உணவகமும் இருக்கும், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள ஒரு பிளாசாவின் மேல்மாடியில், தமிழ்ச் சட்டத்தரணி ஒருவர் நடத்தும் குடிவரவு அலுவலகத்திடம் 2023ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் எங்கள் குடும்பம் மூன்று கனடியக் குடியுரிமை விண்ணப்பங்களை ஒப்படைத்தது. ஒன்று என்னுடையது, இன்னொன்று அம்மாவுடையது, மூன்றாவது அக்காவின் கணவரான அத்தானுடையது. மூவரும் நிரப்பியது ஒரே படிவந்தான் என்றாலும், என்னுடையது எவருடைய உதவியும் தேவைப்படாத கோப்பு. அம்மாவுடையது நாட்களை எண்ணத் தெரிந்த எவரும் செய்துவிடக்கூடிய கோப்பு. அத்தானுடையதோ சட்டம் தெரியாதவர் தொட்டால் கை சுடும் கோப்பு. ஒரே அலுவலகம் இந்த மூன்றையும் எப்படிக் கையாண்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். அத்தானின் கோப்பு இன்னும் அவர்களிடமே திறந்திருக்கிறது என்பது மற்றது.

முதலில் பணம். அரைமணி நேர முதற்சந்திப்புக்கு 150 டொலர் வாங்குகிறார்கள். கோப்பை அவர்களிடமே கொடுத்தால் அந்தத் தொகையை மொத்தக் கட்டணத்தில் கழித்துவிடுகிறார்கள். எனக்கும் அம்மாவுக்கும் தலைக்கு 700 டொலர், அத்தானுக்கு 3,200 டொலர் என்று ஒப்பந்தக் கடிதத்தில் இருந்தது. அரசாங்கத்துக்குக் கட்டுவது இதற்குப் புறம்பானது: அப்போது வயதுவந்த ஒருவருக்கு 630 டொலர், அதில் 530 பரிசீலனைக்கு, 100 குடியுரிமை பெறும் உரிமைக்கு, பின்னர் அந்த 100 டொலரைச் சற்று உயர்த்தியிருக்கிறார்கள். கடிதத்தில் கண்ட கட்டணத்தில் 13 வீத எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி சேரவில்லை என்பது இரண்டாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில்தான் இருந்தது, வாயால் எவரும் சொல்லவில்லை. 4,600 டொலருக்கு வரி மட்டும் 598 டொலர். ஒருவருடைய அரசாங்கக் கட்டணத்தில் ஏறத்தாழ முழுவதும் அதுவே ஆகிறது. பணத்தை, கட்சிக்காரரின் காசைப் புறம்பாக வைக்கும் ட்ரஸ்ட் கணக்கில் வைப்பிலிட்டு ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டுத் தந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரரிடையே இது எல்லா இடத்திலும் நடப்பதில்லை.

இந்த அலுவலகத்துக்கு வருமுன் அத்தான் வேறொருவரிடம் போயிருந்தார். அவர் வரிக்கணக்கு நிரப்புபவர், விமானச் சீட்டும் போட்டுக் கொடுப்பவர், கூடவே குடியுரிமைப் படிவமும் செய்வதாகச் சொல்லி 200 டொலர் கேட்டவர். கனடாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு குடிவரவு அல்லது குடியுரிமை ஆலோசனை சொல்லச் சட்டம் சிலரைத்தான் அனுமதிக்கிறது: மாகாணச் சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற சட்டத்தரணி அல்லது பராலீகல், கியூபெக்கில் நோட்டரி, இவர்களுக்கு அப்பால் குடிவரவு, குடியுரிமை ஆலோசகர்களின் கல்லூரியில் உரிமம் பெற்றவர். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அங்கே பாடம் நடப்பதில்லை. 2021 நவம்பரில் தொடங்கிய அந்தத் தொழில் ஒழுங்கமைப்புச் சபை தன் உறுப்பினர் பட்டியலை இணையத்தில் எவரும் தேடிப்பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஒன்ராறியோச் சட்டச் சங்கமும் அப்படியே வைத்திருக்கிறது. பணம் வாங்குபவர் பிரதிநிதிப் படிவத்தில் தன் பெயரையும் உரிம எண்ணையும் எழுதியாக வேண்டும். "என்ரை பேர் வேண்டாம், நீங்களே செய்தது மாதிரிப் போடுங்கோ" என்று அந்த வரிக்கணக்குக்காரர் சொன்னபோதே அத்தான் எழுந்து வந்திருக்க வேண்டும். 50 டொலர் முற்பணம் கொடுத்துவிட்டு வந்தார்.

அத்தான் 2009இல் வந்து அகதிக் கோரிக்கை விடுத்தவர். 2011இல் கோரிக்கை ஏற்கப்பட்டது, 2013இல் நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. பேக்கரியில் இரவு வேலை, பகலில் நித்திரை, ஆங்கிலப் பரீட்சை என்றால் நெஞ்சிடி என்று குடியுரிமையை ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். 2018இல், கையில் ஓர் அடையாளமாவது இருக்கட்டும் என்று ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பாஸ்போட்டைப் புதுப்பித்தார். 2019 மாசியில் அவருடைய தாயார் இறந்தபோது அதே பாஸ்போட்டில் பறந்து, 14 நாட்கள் நின்று திரும்பினார். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் அலுவலர் நிரந்தர வதிவிட அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விட்டதால், அதில் பிழையொன்றும் இல்லை என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

முதற்சந்திப்பில் அந்தச் சட்டத்தரணி படிவத்தை எடுக்கவே இல்லை. அத்தானைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் கனடாவுக்கு எந்த வழியாலை வந்தனீங்கள், ஸ்பொன்சரிலையோ அகதியாகவோ?" என்று கேட்டார். அகதியாக என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்குப் பிறகு இலங்கைப் பாஸ்போட் எடுத்தனீங்களோ? அதிலை அங்கை போனனீங்களோ?" என்றார். அத்தான், "ஓம் தங்கச்சி, அம்மா செத்ததுக்கு" என்றார். அரைமணி நேரச் சந்திப்பு ஒன்றரை மணி நேரம் ஆனது. மேலதிகமாக ஒரு சதமும் கேட்கவில்லை. நாங்கள் கொடுத்த பணத்துக்கெல்லாம் பெறுமதி இந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது. வரிக்கணக்குக்காரர் இவற்றைக் கேட்கவில்லை. அரசாங்க இணையத்தளத்தின் படிவமும், எங்கே போனீர்கள், எந்தப் பாஸ்போட் வைத்திருந்தீர்கள் என்று கேட்குமே தவிர, அந்தப் பதில் உங்களுக்கு என்ன செய்யக்கூடும் என்று சொல்லாது.

அந்தப் பதில் செய்யக்கூடியது இதுதான். அகதியாக ஏற்கப்பட்டவர் தான் தப்பி வந்த நாட்டின் பாஸ்போட்டை விரும்பி எடுத்தாலோ, அதில் அந்த நாட்டுக்குப் போய்வந்தாலோ, அந்த நாட்டின் பாதுகாப்பை அவர் மீண்டும் நாடியதாகக் கருதி, அவருடைய அகதிப் பாதுகாப்பை முடிவுறுத்தும்படி அரசாங்கம் குடிவரவு, அகதிகள் சபையிடம் கேட்கலாம். குடிவரவுக்காரர் இதைச் செசேஷன் என்று சொல்வார்கள். பழைய சட்டத்தில் இது நடந்தாலும் நிரந்தர வதிவுரிமை கையில் இருக்கும். 2012 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகோ, இந்தக் காரணத்துக்காகப் பாதுகாப்பு முடிவுற்றால் வதிவுரிமையும் கூடவே போய்விடுகிறது. அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வழியில்லை. சமஷ்டி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டு மீளாய்வு கோர மட்டுமே முடியும். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு வரி கட்டியவர், பிள்ளைகள் இங்கே பிறந்தவர், வீடு வாங்கியவர் என்பதெல்லாம் சட்டத்தின் அந்தப் பிரிவில் தடையாக எழுதப்படவில்லை. கனடியக் குடியுரிமை பெற்றவருக்கு மட்டும் இந்தப் பயம் இல்லை. வாழ்க்கைத்துணையின் ஸ்பொன்சரில் வந்த என்னைப் போன்றவர்களுக்கும் இது பொருந்தாது, ஏனென்றால் நாங்கள் அகதிப் பாதுகாப்பின் வழியாக வதிவுரிமை பெறவில்லை. எங்கள் சமூகத்தில் இந்த வேறுபாடு தெரியாமலே கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கூட்டமாகப் போய்வருகிறார்கள். ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு அது விடுமுறை, மற்றவருக்கு அது வழக்கு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அகதிக் கோரிக்கையாளர் ஒருவரை நேரில் வைத்துக் கேட்காமல் அவருடைய கோரிக்கையை நிராகரிப்பது உரிமைச் சாசனத்துக்கு முரணானது என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4இல், சிங் வழக்கில், தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எங்கள் ஆட்களும், பின்னர் வந்த அத்தானும், அந்தத் தீர்ப்பு திறந்த வாசலால் வந்தவர்கள்தான். மூன்று மணி நேரம் சபையின் முன் இருந்து தன் கதையைச் சொல்லிப் பெற்ற பாதுகாப்பு, தூதரகத்தில் கொடுத்த ஒரு படிவத்தால் ஆட்டங்காணும் என்பதை அத்தானுக்கு அதுவரை எவரும் சொல்லவில்லை.

சட்டத்தரணி மூன்று வழிகளை வைத்தார். விண்ணப்பிக்காமலே இருந்துவிடலாம், ஆனால் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கும்போதும் ஐந்து ஆண்டுப் பயணங்களைக் கேட்பார்கள், ஒவ்வொரு விமான நிலையத்திலும் அதே கேள்வி காத்திருக்கும். 2019ஆம் ஆண்டுப் பயணம் ஐந்து ஆண்டு வரம்பைத் தாண்டும்வரை பொறுத்துவிட்டுப் போடலாம். ஆனால் அந்த ஐந்து ஆண்டு, குடியுரிமைக்காகக் கனடாவில் இருந்த நாட்களை எண்ணுவதற்கான வரம்பே தவிர, செசேஷனுக்கு அப்படி ஒரு காலவரம்பு இல்லை, நுழைவுப் பதிவும் கனடிய எல்லைச் சேவையிடம் இருக்கிறது. மூன்றாவது, உள்ளதை உள்ளபடி எழுதி, கேள்வி வருமுன்னரே விளக்கத்தையும் ஆதாரத்தையும் சேர்த்துக் கொடுப்பது. மறைப்பதை அவர் ஒரு வழியாகவே எடுக்கவில்லை; பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையைப் பிறகு பறிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். முடிவை அத்தானிடமே விட்டு, மூன்று வழிகளின் ஆபத்தையும் நான்கு பக்கக் கடிதமாக எழுதித் தந்தார். ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கடிதத்தை அக்காவின் மூத்த மகள் குசினி மேசையில் இருந்து வரிவரியாகத் தமிழில் சொல்ல, அத்தான் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது வழியைத் தேர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்த வேலை உண்மையான சட்ட வேலை. 2022இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், செசேஷன் வழக்கில் வெறுமனே பாஸ்போட்டைப் பார்த்து முடிவெடுக்காமல், அதன் விளைவு அந்த அகதிக்குத் தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார், போன இடத்தில் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தார், அவர் பயந்தது யாருக்கு என்பவற்றையும் எடைபோட வேண்டும் என்று சொல்லியிருப்பதை விளக்கி, அதற்கேற்றபடி ஆதாரம் கேட்டார். தாயாரின் இறப்புச் சாட்சிப் பத்திரமும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், பத்திரிகையில் வந்த மரண அறிவித்தல், 14 நாளில் 11 நாள் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியதற்கு அந்த உறவினரின் சத்தியக்கடதாசி, யாழ்ப்பாணத்தில் நின்ற மூன்று நாளும் செத்தவீட்டைவிட்டு வெளியே போகவில்லை என்பதற்கு அயலவர் ஒருவரின் கடிதம். அத்தானின் சொந்தச் சத்தியக்கடதாசியை மட்டும் நான்கு முறை திருத்தினார்கள். முதற்பிரதியில் "தாய்நாட்டைப் பார்க்கும் ஆசையில்" என்று ஒரு சொற்றொடர் இருந்தது. உதவியாளர் அழகுக்காகச் சேர்த்தது. சட்டத்தரணி அதைச் சிவப்புக் கோட்டால் வெட்டி, "ஆசையிலை போனனீங்களோ, கொள்ளிவைக்கப் போனனீங்களோ?" என்று கேட்டார். இப்படி ஒரு சொல்லில் நிற்கிறது வழக்கு.

அத்தானுக்கு அப்போது 52 வயது. 18 முதல் 54 வயது வரையானவர்கள் மொழித் தகைமையும் காட்ட வேண்டும், அறிவுப் பரீட்சையும் எழுத வேண்டும் என்பதால், லிங்க் எனப்படும் இலவச ஆங்கில வகுப்பில் நான்காம் நிலையை முடிக்கும்படி அனுப்பினார்கள். அந்த வகுப்பு நிரந்தர வதிவாளருக்கும் அகதிப் பாதுகாப்புப் பெற்றவருக்கும்தான்; குடியுரிமை எடுத்த பிறகு அங்கே இடமில்லை என்பதால், ஆங்கிலம் படிக்க விரும்புகிறவர்கள் முதலிலேயே படித்துக்கொள்வது நல்லது. அவருடைய விண்ணப்பம் அடுத்த ஆண்டு கோடையில்தான் போய்ச் சேர்ந்தது.

அம்மாவின் கோப்புக்கு வருகிறேன். அலுவலகத்தின் மறுபக்கம் இங்கேதான் தெரிந்தது. அம்மாவுக்கு 67 வயது, மொழியும் இல்லை, பரீட்சையும் இல்லை. அக்கா ஸ்பொன்சர் செய்து 2018 ஜூனில் வந்தவர். அவருக்குத் தேவையானது ஒன்றுதான்: விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். 2014இல் கொண்டுவந்த சட்டம் இதை ஆறு ஆண்டில் நான்காக இறுக்கியது. 2017இல் மீண்டும் ஐந்தில் மூன்றாகத் தளர்த்தினார்கள். நாடு விட்டுப் புறப்படும் நாளும் திரும்பிவரும் நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். இடையிலுள்ள முழு நாட்களைத்தான் கழிப்பார்கள். அம்மா 2019 நவம்பர் 12இல் யாழ்ப்பாணம் போய், கொரோனாவால் அங்கே அகப்பட்டு, 2020 ஆகஸ்ட் 22இல் டோஹா வழியாகத் திரும்பினார். அது 283 நாள். பிறகு போன இரண்டு பயணங்களும் 98, 50. மொத்தம் 431 நாள் கழிந்தால், 1,826இல் மிச்சம் 1,395. எந்தக் கவலையும் இல்லாத கணக்கு.

அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னது வேறு: "அம்மாவுக்கு 65 நாள் காணாது, அடுத்த வருஷம் போடுவம்." எனக்கு விளங்கவில்லை. கணிப்புத் தாளை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, அம்மாவின் பாஸ்போட்டை வைத்துப் பார்த்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குத்திய முத்திரையில் ஆண்டின் கடைசிப் பூச்சியம் மை கலங்கி ஒன்று போலத் தெரிந்தது. உதவியாளர் திரும்பிய ஆண்டை 2021 என்று பதிந்திருந்தார். ஒரு முழு ஆண்டு போய், 1,395 என்பது 1,030 ஆகியிருந்தது. 2021 சித்திரையில் அம்மா ஸ்காபரோவில் கோவிட் ஊசி போட்டதற்கான தாள் அலுமாரியில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் திருத்தினார்கள். மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் நான் கேட்காமல் விட்டிருந்தால் அம்மா காரணமில்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்திருப்பார். முத்திரை தெளிவில்லாதவர்கள் எல்லைச் சேவையிடம் தங்கள் பயணப் பதிவைக் கேட்டுப் பெறலாம், தனியுரிமைச் சட்டத்தின் கீழ் சொந்தத் தகவலைக் கேட்பதற்குக் கட்டணமும் இல்லை. 700 டொலர் வாங்கும் அலுவலகம் அதைத் தானாகவே செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதே உதவியாளர், அம்மாவின் வதிவிட அட்டை 2023 ஜூனில் காலாவதியாகிவிட்டது, முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லி அதற்கு 300 டொலர் தனியாகக் கேட்டார். இது பிழையான ஆலோசனை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அட்டை செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று இல்லை. அட்டையின் திகதி முடிந்தால் வதிவுரிமையே முடிந்துவிட்டது என்று எண்ணிப் பயப்படுபவர்கள் எங்களில் ஏராளம்; அட்டை வேறு, உரிமை வேறு. வதிவுரிமையைத் தக்கவைக்க ஐந்து ஆண்டில் 730 நாட்கள் இருந்தால் போதும், அதில் குறைந்தாலும் ஓர் அலுவலர் முறைப்படி தீர்மானித்து, மேன்முறையீட்டுக்கான வாய்ப்பும் கடந்த பிறகே உரிமை போகும். காலாவதியான அட்டையோடு வெளிநாடு போனால் திரும்பி விமானம் ஏறத்தான் சிக்கல், அதற்கும் தூதரகத்தில் பயண ஆவணம் எடுக்கலாம். இதைச் சட்டத்தரணியிடம் நேரே கேட்டபோது அவர் முகம் சிவந்து, அந்த 300 டொலரை உடனே விலைப்பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார். நல்ல சட்டத்தரணி, கவனமில்லாத மேசை. இந்த அலுவலகத்தைப் பற்றிய என் எண்ணத்தை இப்படித்தான் சொல்ல முடியும்.

என்னுடைய கோப்பைப் பற்றி எழுத அதிகம் இல்லை. 2019 ஜனவரியில் வந்தேன், இரண்டு முறைதான் நாடு விட்டுப் போனேன், வரிக்கணக்கு ஒழுங்காகக் கொடுத்திருந்தேன், மொழிக்கு இங்கே படித்த கல்லூரிச் சான்றிதழ் இருந்தது. அரசாங்க இணையத்தளத்தில் நானே இரண்டு மாலைப்பொழுதில் செய்திருக்கக்கூடிய வேலைக்கு 700 டொலரும் வரியும் கொடுத்தது என் சோம்பல். அலுவலகம் அதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இலங்கைப் பத்திரங்களில் தந்தையின் பெயர் முன்னால் வருவதால் வதிவிட ஆவணத்தில் என் பெயரும் அப்பாவின் பெயரும் இடம்மாறிக் கிடந்ததை மட்டும் அவர்கள் முதல் பார்வையிலேயே பிடித்து, எல்லாத் தாள்களிலும் ஒரே ஒழுங்கில் வரச் செய்தார்கள். அது எங்கள் ஆட்களின் கோப்புகளைப் பலகாலம் பார்த்த கண். பரீட்சை 20 கேள்வி, 15 சரியாக வந்தால் போதும்; அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூலே போதும், வேறெதற்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. அலுவலகம் 120 டொலருக்கு நடத்தும் சனிக்கிழமைப் பரீட்சை வகுப்பை நான் ஒரு நாள் பார்த்தேன். அதே நூலை வாசித்துக் காட்டுகிறார்கள்.

2024 அக்டோபரில் அம்மாவும் நானும் ஜூம் வழியாக ஒரே மேசையில் இருந்து சத்தியப்பிரமாணம் எடுத்தோம். பிரமாணத்தில் வரும் "சார்ள்ஸ்" என்ற மன்னரின் பெயரை அம்மா ஒரு கிழமை முழுவதும் சோறு வடிக்கும்போதும் சொல்லிப் பழகியிருந்தார். கத்தரிக்கோலை எடுத்து வதிவிட அட்டையை வெட்டிக் காட்டச் சொன்னபோது, காலாவதியான அந்த அட்டையை வெட்டவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை; "காசு குடுத்து எடுத்ததெல்லே" என்றார். வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும், இரட்டைக் குடியுரிமை வேண்டுமென்றால் கொழும்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அலுவலகம் எங்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தந்திருந்தது. ஊரில் காணி வைத்திருக்கும் அம்மாவுக்கு அது பயனுள்ள தாள்.

சேவையின் மற்ற அம்சங்கள் பொதுவாகச் சுமார். தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். விட்ட செய்திக்கு மூன்று நாளில் பதில் வந்தால் அதிர்ஷ்டம். மின்னஞ்சலுக்குச் சட்டத்தரணி தானே பதில் எழுதுகிறார், பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்குப் பிறகு. காத்திருக்கும் அறையில் ஆறு கதிரை, பன்னிரண்டு பேர். சந்திப்பு நேரம் எப்போதும் நாற்பது நிமிடம் பிந்தும், கீழே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். ஒவ்வொரு தாளின் பிரதியையும் கேட்டால் தருகிறார்கள். கேளுங்கள், நான் பிழையைக் கண்டுபிடித்தது அந்தப் பிரதியால்தான். மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஒழுங்கு செய்கிறார்கள், ஒரு பத்திரத்துக்கு 40 டொலர், சத்தியக்கடதாசியும் சேர்த்து, இது நியாயமான விலை.

யார் இங்கே போகலாம் என்றால், என் கோப்பைப் போல நேரான கோப்பு உள்ளவர்கள் போகவேண்டாம். படிவத்தைத் தாங்களே நிரப்பட்டும். ஆங்கிலம் தடையென்றால் குடியேறியோருக்கு உதவும் சமூக நிலையங்களில் இலவசமாக உதவுகிறார்கள், வருமானம் குறைந்தவர்களுக்குத் தென்னாசியச் சட்ட உதவி நிலையம் போன்ற இடங்கள் ஒன்ராறியோவில் இருக்கின்றன. அம்மாவைப் போல நிறையப் பயணம் செய்தவர்கள், முதலில் வீட்டில் இருந்து பாஸ்போட்டை விரித்து வைத்து ஒரு தாளில் நாட்களை எழுதிக்கொண்டு, பிறகு தேவையென்றால் போகட்டும். ஆனால் அகதியாக ஏற்கப்பட்டு, இன்னும் குடியுரிமை எடுக்காமல், எப்போதாவது இலங்கைப் பாஸ்போட்டைத் தொட்டவர்கள், படிவத்தைத் தொடுமுன், அடுத்த விமானச் சீட்டைப் போடுமுன், இப்படி ஒரு சட்டத்தரணியின் முன் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். இந்த அலுவலகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த இரண்டு கேள்விகளையும் கேட்கும் எந்த அலுவலகமாகவும் இருக்கலாம். கேட்காமல் படிவத்தை எடுப்பவராக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்து நட்சத்திரத்தில் மூன்றரை கொடுக்கிறேன். சட்டத்தரணிக்கு ஐந்து, மேசைக்கு இரண்டு. அத்தானின் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. இதுவரை குடிவரவு, அகதிகள் சபையிடமிருந்து எந்தக் கடிதமும் வரவில்லை. பேக்கரியிலிருந்து வெள்ளி காலையில் வந்ததும், சப்பாத்தைக் கழற்றுமுன் மகளின் கணினியில் விண்ணப்பத்தின் நிலையைப் பார்ப்பது அவருடைய வழக்கம். இலங்கைப் பாஸ்போட் அலுமாரியின் மேல்தட்டில், தன் தாயாரின் மரண அறிவித்தல் வந்த பத்திரிகைக்குள் சுற்றி வைத்திருக்கிறார். முடிவு வந்ததும் நட்சத்திரத்தை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுவேன்.